வியோலெத்தா பர்ரா பாடியது நன்றிப் பாட்டா, விடைபெறும் பாட்டா?

கேள்வி: ஆகஸ்ட் 6, 2023
‘கிராசியாஸ் அ லா விதா’ என்று வாழ்க்கைக்கு நன்றி சொல்லிப் பாடிய சிலி நாட்டுப் பாடகி வியோலெத்தா பர்ரா, அந்த இசைத்தட்டு வந்த மறுவருடமே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்படிப் பார்த்தால் அது விடைபெறும் கடிதம்தானே? நன்றி என்பது மேல்பூச்சு. இதைப் போய் உலகம் முழுக்கக் கொண்டாட்டப் பாட்டாகப் பாடுகிறார்களே?

ஆகஸ்ட் 6, இரவு
எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பெயரை எடுத்தாலே பேச்சு அந்தக் கடைசி நாளுக்குப் போய்விடுகிறது. 1967 பிப்ரவரி 5, சிலியின் தலைநகர் சாந்தியாகோவின் ஓரம், லா ரெய்னாவில் அவர் போட்டிருந்த கூடாரம், வயது 49. அங்கே நின்றுகொண்டு, அதற்கு முன் அவர் எழுதிய ஒவ்வொரு வரியிலும் சாவைத் தோண்டி எடுக்கிறார்கள். இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 1950களின் தொடக்கத்திலிருந்து கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், கிழவர்களிடமும் கிழவிகளிடமும் பாட்டு வாங்கி வந்தவர். ஓவியம் வரைந்தார், சாக்குத் துணியில் தைத்தார், மண்ணில் உருவம் செய்தார். அத்தனையையும் ஒரே ஒரு நாளுக்குள் அடைப்பது அநியாயம்.

இன்னொன்று. துயரத்தை நன்றியால் மூடி மறைக்க நினைத்தவர், அதே இசைத்தட்டில் வானத்தையே சபிக்கும் ஒரு பாட்டை வைப்பாரா? ‘மால்திகோ தெல் ஆல்தோ சியேலோ’வைக் கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.

ஆகஸ்ட் 9
கேட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார், “பயமாக இருந்தது” என்று. பயமாகத்தான் இருக்கும். உயர்ந்த வானத்தையும் அதன் நட்சத்திரத்தையும் சபிப்பதில் தொடங்குகிறார். வசந்தத்தையும் அதன் பூந்தோட்டங்களையும் சபிக்கிறார். குளிர்காலம் முழுவதற்கும் சாபம், பொய் சொன்ன கோடைக்கும் சாபம். தனியாகப் பறக்கும் கொடி, சிலியின் மலைகளில் வளரும் அரவ்காரியா மரம், கூண்டுப் பறவையின் பாட்டு, பிஷப், பிஷப்புக்குப் பணிவிடை செய்யும் பையன் என்று யாரும் எதுவும் தப்பவில்லை. ஒவ்வொரு செய்யுளும் ‘என் வலி எவ்வளவு இருக்கும்’ என்ற பொருளில் வந்து நிற்கிறது. கடைசியில், ஒரு துரோகியால் வந்த வினை இது, கிரேக்கத்திலும் ஸ்பானியத்திலும் சபிக்கிறேன் என்கிறார். அழுதுகொண்டே சிரிக்க வைக்கத் தெரிந்தவர் எழுதிய வரி அது.

‘லாஸ் உல்திமாஸ் கோம்போசிசியோனெஸ்’ என்ற அந்த இசைத்தட்டு 1966-இல் வந்தது, மொத்தம் 14 பாட்டு. நன்றியும் சாபமும் அதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் அவர் கொடுத்தார். நாம்தான் ஒன்றை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அப்புறம் அதில் ஏதோ மறைந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு சிறு இசைக்கூட்டத்தில் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பாட வேண்டும் என்று கேட்டேன். சாபப் பாட்டு வேண்டாம், வந்தவர்கள் மனம் சங்கடப்படும் என்று ஏற்பாடு செய்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நன்றிப் பாட்டை மட்டும் பாடிவிட்டு இறங்கினேன். கைதட்டினார்கள். பாதி பாடிவிட்டு வந்தது போலவே இருந்தது.

ஆகஸ்ட் 10
வாழ்க்கைக் குறிப்பு கேட்டவருக்குச் சுருக்கமாக. பிறப்பு 1917 அக்டோபர் 4, தெற்குச் சிலியில் ந்யூப்ளே பகுதி. அப்பா பள்ளியில் இசை வாத்தியார். அம்மா தையல்காரர், நாட்டுப்புறத்துப் பெண், நிறையப் பாட்டு தெரிந்தவர். சின்ன வயதில் அம்மை போட்டு முகத்தில் தழும்பு நின்றது. பதின்வயதில் சாந்தியாகோ வந்து, அக்கா தங்கையாக ஹில்தாவோடு மதுக்கடைகளில் பாடிப் பிழைத்தார். அப்போது பாடியதெல்லாம் அந்தக் காலத்தில் ஓடிய பாட்டுகள்தான். அண்ணன் நிகனோர் பர்ரா பெரிய கவிஞர். ஊர்ப் பாட்டுகளைத் தேடிப் போ என்று தூண்டியவர் அவர். வியோலெத்தா கிளம்பும்போது வயது முப்பதைத் தாண்டியிருந்தது, வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள்.

இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இளம் மேதை என்ற கதை இங்கே கிடையாது. பாதி வாழ்க்கை போன பிறகு மாணவியாக உட்கார்ந்தவர்.

ஆகஸ்ட் 13
யாரிடம் உட்கார்ந்தார் என்று பார்த்தால்தான் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் ரோசா லோர்கா. மருத்துவச்சி, பச்சிலை வைத்தியம் தெரிந்தவர். இன்னொரு வேலையும் அவருக்கு இருந்தது: இறந்துபோன குழந்தைகளுக்கு அலங்காரம் செய்வது. சிலியின் கிராமங்களில் சின்னக் குழந்தை இறந்தால் அது நேரே வானுலகம் போய்விட்ட குட்டித் தேவதை, ‘ஆங்ஹெலிதோ’, என்பது நம்பிக்கை. வெள்ளை உடுத்தி, சிறகு வைத்து, பூவும் மெழுகுவர்த்தியும் சூழ நாற்காலியில் உட்கார்த்துவார்கள். பாடகர்கள் சுற்றி உட்கார்ந்து விடிய விடியப் பாடுவார்கள். தாய் அழக் கூடாது, அழுதால் குழந்தையின் சிறகு நனைந்து பறக்க முடியாமல் போகும் என்பார்கள்.

விடியும் நேரத்தில் ஒரு பாட்டு வரும். அதில் பாடகர் தன் குரலைக் குழந்தைக்குக் கொடுத்துவிடுவார். “நான்” என்று பாடுவது அந்தக் குழந்தை. பெற்றவளுக்கும் ஞானப் பெற்றோருக்கும் வந்திருப்பவர்களுக்கும் அது ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு கிளம்பும்.

இன்னொருவர் புவெந்தே ஆல்தோ பக்கத்து இசாயியாஸ் அங்குலோ. ‘கிதர்ரோன்’ வாசிப்பவர். 25 தந்தி உள்ள வாத்தியம் அது. 21 தந்தி கழுத்தின் மேல் ஓடும், மீதி நான்கும் கழுத்துக்கு வெளியே பக்கத்துக்கு இரண்டாக நிற்கும். அந்த நான்குக்கும் ‘குட்டிச்சாத்தான்’ என்றுதான் பேர். ஆண்களின் வாத்தியமாகவே இருந்த அதை வியோலெத்தா அவரிடம் கற்றுக்கொண்டார்.

அந்தப் பாடகர்களின் செய்யுள் வடிவம் ‘தேசிமா’. பத்து அடி, அடிக்கு எட்டு அசை. முதல் அடியின் இயைபு நான்கிலும் ஐந்திலும் திரும்ப வரும், இரண்டும் மூன்றும் ஜோடி, ஆறும் ஏழும் பத்தும் ஒரு கூட்டம், எட்டும் ஒன்பதும் இன்னொரு ஜோடி. எழுதப் படிக்கத் தெரியாத பாடகர்கள் இதைத் தலைக்குள்ளேயே கட்டினார்கள். ஒரு முழுப் பாட்டுக்கு இப்படி நான்கு செய்யுள், அப்புறம் ஐந்தாவதாக விடைபெறும் செய்யுள். வேதக் கதையைப் பாடினாலும் சரி, கேலிப் பாட்டு பாடினாலும் சரி, விடைபெறாமல் எழுந்திருக்க மாட்டார்கள். சபைக்குச் செய்யும் மரியாதை அது.

இந்தப் பள்ளியில் படித்தவர், பாட்டில் விடைபெறுவது போல ஒன்று வந்துவிட்டால் உடனே அவர் சாகப் போகிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஆகஸ்ட் 13, பின்னிரவு
மேலே உள்ளதோடு ஒரு சின்ன விளக்கம். நன்றிப் பாட்டு தேசிமா வடிவத்தில் இல்லை. அதன் அடிகள் நீளமானவை, செய்யுள் வேறு மாதிரி. பதினேழு வயதுக்குத் திரும்புவதைப் பற்றி, அதே தட்டில் இருக்கும் பாட்டுதான் தேசிமா. சுவரில் படரும் கொடியும் கல்லில் படரும் பாசியும் வருமே, அது. 1976-இல் பிரேசிலின் மில்டன் நாசிமெந்தோவும் மெர்சிடஸ் சோசாவும் சேர்ந்து பாடியதைத் தேடிக் கேளுங்கள்.

ஆகஸ்ட் 17
“குழந்தை இறந்ததற்கும் அவருக்கும் சொந்தத் தொடர்பு உண்டா?” என்ற கேள்விக்கு: உண்டு.

1955-இல் போலந்தின் வார்சாவில் உலக இளைஞர் விழாவுக்கு அழைப்பு வந்தது. கைக்குழந்தை ரோசிதா கிளாராவை வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அவர் ஐரோப்பாவில் இருக்கும்போது குழந்தை இறந்துவிட்டது. உடனே திரும்பவில்லை, பாரிஸிலேயே தங்கிப் பாடினார், இசைத்தட்டுகள் பதிவு செய்தார், ஊர் வர 1956 முடியப் போனது. இதற்காக அவரைத் திட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. போகும்போது குழந்தையைத் தொட்டிலில் விட்டுப் போனேன், நிலா பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன் என்று அவரே தேசிமாவில் கட்டிப் பாடியிருக்கிறார். அதற்குமேல் நாம் சொல்ல என்ன இருக்கிறது?

அப்புறம் 1966-இன் தட்டில் ‘ரின் தெல் ஆங்ஹெலிதோ’ வருகிறது. ‘ரின்’ சிலியின் சிலோயே தீவின் ஆட்ட மெட்டு, துள்ளலானது. இறந்த குழந்தையின் உயிர் எங்கே போயிற்று என்று கேட்டு, ஒரு கசகசாப் பூவிலோ ஒரு சின்னப் பறவையிலோ தன் இடத்தைத் தேடிக்கொள்ளும் என்று பாடுகிறார். ஆட வைக்கும் தாளத்தில் இந்த விஷயம். பல பதிவுகள் கேட்டிருக்கிறேன், வேறு யார் பாடினாலும் கொஞ்சம் சோகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். இவர் கூட்டவே இல்லை.

ஆகஸ்ட் 18
லூவரில் மோனாலிசாவுக்குப் பக்கத்தில் அவர் ஓவியம் தொங்கியது என்று ஒருவர் போட்டிருக்கிறார். அழகான கதை, ஆனால் அப்படி இல்லை. 1964-இல் கண்காட்சி நடந்தது லூவர் அரண்மனையின் மார்சான் பகுதியில் இருக்கும் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில். ஓவியம், கம்பியில் செய்த உருவங்கள், சாக்குத் துணியில் கம்பளி நூலால் தைத்த ‘ஆர்பியேரா’க்கள் எல்லாம் இருந்தன. உண்மையே போதுமான அளவு பெரியது, மோனாலிசா துணைக்கு வர வேண்டியதில்லை.

அந்தத் தையல் வேலை தொடங்கியது 1950களின் முடிவில், கல்லீரல் நோயில் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது. சும்மா படுத்திருக்கத் தெரியாதவர்.

ஆகஸ்ட் 24
குரலைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று ஆதங்கமாக இருந்தது, நானே தொடங்குகிறேன்.

நன்றிப் பாட்டை நான் முதலில் கேட்டது அர்ஜென்டினாவின் மெர்சிடஸ் சோசா குரலில். 1971-இல் வியோலெத்தாவுக்காகவே ஒரு முழு இசைத்தட்டு பாடினார் அவர். அகலமான, ஆழமான குரல். ஒரு கதவைத் திறந்து ஊரையே உள்ளே கூப்பிடுவார். 1974-இல் அமெரிக்கப் பாடகி ஜோன் பயஸ் தன் ஸ்பானிய இசைத்தட்டுக்கு இந்தப் பாட்டின் பெயரையே வைத்தார். இந்த இருவர் வழியாகத்தான் பாட்டு உலகம் சுற்றியது. வியோலெத்தாவின் சொந்தப் பதிவுக்கு நான் பிறகுதான் போனேன். முதல் முறை பாதியில் நிறுத்திவிட்டேன். குரலில் அலங்காரமே இல்லை, நடுக்கம் இல்லை, ஏற்றம் இல்லை. சராங்கோ ஒரே நடையில் போய்க்கொண்டே இருக்கிறது.

சராங்கோ ஒன்று வாங்கி நானே வாசிக்கப் பழகிய பிறகுதான் அந்தப் பதிவு எனக்குத் திறந்தது. ஆந்தஸ் மலை மக்களின் சிறு வாத்தியம், ஐந்து ஜோடித் தந்தி, மொத்தம் பத்து. நடு ஜோடியில் ஒன்று மேல் ஸ்தாயி, ஒன்று கீழ் ஸ்தாயி. வலது கை மணிக்கட்டு தளர்ந்திருந்தால் ஒழிய அந்த நடை நிலைக்காது. கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டால் போதும், மணிக்கட்டு இறுகும், தாளம் ஓடும். அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே கையைத் தளர்வாக வைப்பது எவ்வளவு கடினம் என்று வாசித்துப் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு செய்யுளும் அதே முதல் வரியோடு தொடங்கும். கண், காது, ஒலியும் எழுத்தும், களைத்த கால்களின் நடை, இதயம், கடைசியில் சிரிப்பும் அழுகையும் என்று பெற்றதை எல்லாம் எண்ணிக்கொண்டே போவார். ஆறாவதிலும் குரலை உயர்த்த மாட்டார். அந்த மருத்துவச்சி வீட்டிலும் கிதர்ரோன் பாடகர்களிடமும் அவர் கேட்டது இப்படிப் பாடும் குரல்களைத்தான். பாடுபவர் விலகி நிற்பார், சொல் முன்னே வரும்.

சோசாவைக் குறைத்துச் சொல்லவில்லை, அவர் இல்லாமல் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். ஆனால் ஒரே ஒரு பதிவை வைத்துக்கொள் என்றால் எனக்கு வியோலெத்தாவுடையதே போதும்.

ஆகஸ்ட் 25
“விக்டர் ஹாராதானே பெரியவர்?” என்று, சிலியின் இன்னொரு பாடகரைச் சொல்லிக் கேட்பவருக்கு: இதில் போட்டி எங்கே இருக்கிறது? இளைஞர் ஹாராவைப் பாடச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர்களில் வியோலெத்தா ஒருவர். வியோலெத்தாவின் பிள்ளைகள் இசபெலும் ஆங்ஹெலும் 1965-இல் சாந்தியாகோவில் கார்மென் தெரு 340-ஆம் எண் வீட்டில் தொடங்கிய பாட்டுக் கூடத்தில்தான் ஹாராவும் பாடினார். நாட்டுப்புற இசையில் அரசியலையும் பாடிய ‘புதிய பாடல்’ இயக்கம் அந்த வீட்டில் வளர்ந்தது. தம்பி ரொபெர்த்தோவை வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு கொடுத்ததற்காகச் சிறையில் போட்டார்கள் என்று பாரிஸுக்கு வந்த கடிதத்தையே வியோலெத்தா பாட்டாக்கினார். அரசியல் அவருக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு இல்லை.

1973 செப்டம்பர் 11 ராணுவப் புரட்சி, சில நாளில் ஹாராவைக் கொன்றார்கள். ஆங்ஹெல் வடக்குப் பாலைவனத்தில் சக்கபூக்கோ முகாமில் அடைபட்டு, பிறகு நாடு கடந்தார். சராங்கோவும் கேனாக் குழலும் கேட்டாலே ராணுவ ஆட்சி சந்தேகமாகப் பார்த்த காலம். அப்போது காணாமல் போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சாந்தியாகோவின் ஏழைத் தெருக்களில் உட்கார்ந்து, பழைய துணியை வெட்டி, சாக்குத் துணியில் தங்கள் கதையைத் தைத்தார்கள். அவற்றுக்கும் ‘ஆர்பியேரா’ என்றே பெயர். வியோலெத்தா ஊசி பிடித்த அதே துணி.

செப்டம்பர் 2
காதல் தோல்வியால்தான் எல்லாம் என்று இரண்டு மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். வியோலெத்தா காதலித்த கில்பெர்ட் ஃபாவ்ர் என்ற சுவிஸ் இசைக்காரர், பொலிவியாவுக்குப் போய்விட்டார், அங்கே லா பாஸில் லோஸ் ஹைராஸ் குழுவைத் தொடங்கினார். வடக்கே போன ‘ருன் ருன்’ பற்றிய பாட்டு அவரைப் பற்றியது. சரிதான். ஆனால் அந்தக் கூடாரத்தையும் பாருங்கள். நாட்டுப்புறக் கலைக்கு ஒரு பல்கலைக்கழகம் போல வர வேண்டும் என்று 1965 கடைசியில் திறந்தார். நகரத்துக்கு வெகு தூரம், மலையடிவாரம், மண் தரை, மழை வந்தால் சேறு. அவரே நெருப்பு மூட்டி, எம்பனாதா என்ற பூரணம் வைத்த பண்டம் சுட்டு, மாத்தே தேநீர் கொடுத்து, பாடினார். பல இரவுகளில் வந்தவர்கள் சொற்பம். ஒரு மனிதர் விட்டுப் போனார் என்பதை மட்டும் பேசுகிறோம். ஒரு நகரமே வராமல் இருந்ததை ஏன் பேசுவதில்லை? மறுபடி சொல்கிறேன், இவை எதுவும் அந்தச் சாவுக்கான கணக்கு இல்லை. வெளியே இருந்து அப்படிக் கணக்குப் போடும் உரிமை நமக்குக் கிடையாது.

செப்டம்பர் 20
இடையில் ஒரு விஷயம் நடந்தது. எனக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்த வாத்தியார் தவறிவிட்டார். மாணவர்கள் கூடிய அன்று இந்தப் பாட்டைப் பாடினேன், அவர் சொல்லிக்கொடுத்த கையால்தான். அவரிடம் விடைபெறுகிறேனா, நன்றி சொல்கிறேனா என்ற எண்ணமே பாடும்போது வரவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அன்றிலிருந்து இந்த இழையின் கேள்வியை வேறு மாதிரி பார்க்கிறேன். ‘விடைபெறும் பாட்டு இல்லை’ என்று நான் முதல் நாள் பிடித்த பிடியை இப்போது தளர்த்துகிறேன். விடியற்காலையில் குழந்தையின் குரலில் பாடும் அந்தப் பாடகருக்கு நன்றியும் விடையும் வேறு வேறு வேலை அல்ல. யாரிடமிருந்து என்ன பெற்றோம் என்று சொல்லிக்கொண்டே கிளம்புவது. வியோலெத்தாவின் கடைசிச் செய்யுளில் சிரிப்பும் அழுகையும்தான் என் பாட்டின் இரண்டு சரக்கு என்கிறார். பிறகு உங்கள் பாட்டும் இதே பாட்டு, எல்லோருடைய பாட்டும் என் பாட்டு என்று முடிக்கிறார். ஊர் ஊராகப் போய்ப் பாட்டு வாங்கி வந்தவர் சொல்லும்போது இது அலங்கார வார்த்தை அல்ல, நடந்த விஷயம். ரோசா லோர்காவும் அங்குலோவும் அந்த வரியில் இருக்கிறார்கள்.

ஆகவே விடைபெறும் பாட்டு என்று சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை. நன்றி மேல்பூச்சு என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

செப்டம்பர் 21
எங்கே தொடங்கிக் கேட்பது என்றவருக்கு. 1966 தட்டை முதல் பாட்டிலிருந்து கடைசி வரை, நடுவில் தாண்டாமல். அடுத்து 1957-இல் ஓதியோன் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘எல் ஃபோல்க்லோரே தே சிலே’ வரிசையின் முதல் தட்டு: குரலும் கிட்டாரும் மட்டும், சேகரித்து வந்த பாட்டுகள். கடைசியாக ‘எல் கவிலான்’. பருந்து ஒன்றைப் பற்றி, பாலே நடனத்துக்கென்று அவர் கட்டிய நீளமான படைப்பு. கிட்டார் முரட்டுத்தனமாக இடிக்கும், சொற்கள் அசை அசையாக உடைந்து விழும். நாட்டுப்புறப் பாடகி என்று மட்டும் அவரை வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டால் திகைப்பார்கள். காதொலிப்பானில் கேளுங்கள், வீட்டில் மற்றவர்கள் தூங்கும் நேரம் வேண்டாம். கேட்டவர்கள் அதற்கென்று தனி இழை தொடங்கினால் நான் அங்கே வருகிறேன், அதில் சொல்ல நிறைய இருக்கிறது.